பழைய டீசல் பிக்கப்: எந்த வேலை வாசலில், எந்த வேலை பட்டறையில்?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் வண்டியை நிறுத்தி முதல்முறையாக நானே ஆயில் மாற்றினேன். பழைய ஃபில்டரைக் கழற்றி, புதியதை மாட்டி, அளவு பார்த்து ஆயிலை ஊற்றி, பெருமையாக ஸ்டார்ட் செய்தேன். பத்து விநாடி ஆகியிருக்காது, ஊற்றிய ஆயிலில் பாதி தரையில் கிடந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரை முறுக்கிவிட்டேன். வளையம் இரண்டாக இருந்தால் ஆயில் பிரஷர் ஏறியதும் பிதுங்கி வெளியே வந்துவிடும். நஷ்டம் என்ன? ஆயில் காசு, ஒரு சாக்கு மரத்தூள், வீட்டில் ஒரு வாரம் கேட்ட பேச்சு.

அடுத்த ஐப்பசியில் பிரேக்கில் கை வைத்தேன். பின்சக்கரத்தில் வீல் சிலிண்டர் கசிந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் கிட்டை மாற்றி, பிரேக் லைனில் சேர்ந்த காற்றை எடுத்து, தெருவில் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. அந்த நம்பிக்கையில் பாச்சலூருக்குப் போய் மலைவாழைத் தார் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கினேன். பாதி இறக்கத்தில் பெடல் மெத்தென்று உள்ளே போனது. இரண்டாவது கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்துப் பெடல் தானாகத் திரும்பி வந்தது. செய்த தப்பு சின்னதுதான். வீட்டில் எப்போதோ திறந்து வைத்த பிரேக் ஆயில் டப்பாவில் மிச்சம் இருந்ததை ஊற்றியிருந்தேன்.

ஸ்பேனர் பிடிக்கும் கஷ்டத்தில் இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒன்றில் செய்த தப்பு பத்து விநாடியில், வாசலிலேயே தெரிந்தது. மற்றது தெருவில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, சுமையோடு இறக்கத்தில் வந்து முகத்தைக் காட்டியது. பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் 'எதை நாமே செய்யலாம்?' என்று என்னிடம் கேட்டால், இப்போது நான் திருப்பிக் கேட்பது இதுதான்: தப்பாகச் செய்தால் அது எங்கே தெரியும்? வாசலில் தெரிந்தால் தைரியமாகச் செய்யுங்கள். ரோட்டில்தான் தெரியும் என்றால் யோசியுங்கள்.

எங்கள் வண்டி 2008 மாடல். கம்பெனி பெயரைச் சொன்னால் அந்த ரசிகர்களும் இந்த ரசிகர்களும் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள். பொலிரோ பிக்கப்போ டாடா 207 டிஐயோ, அந்தக் காலத்து மெக்கானிக்கல் பம்ப் வண்டி என்றால் சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான். சென்சார் பெரிதாகக் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, பானெட்டைத் திறந்தால் எது எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். நான் சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட வண்டிக்கு. டீசலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிற காமன் ரெயில் வண்டிக்காரர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

நமக்கு இருக்கும் வழிகள் நான்கு. நம் வீட்டு வாசல், தெரிந்த அண்ணன் வைத்திருக்கும் பட்டறை, கம்பெனி சர்வீஸ் சென்டர், டீசல் பம்பும் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் மட்டும் பார்க்கிற பம்ப் ரூம். இதில் பம்ப் ரூமைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பட்டறைக்காரரே கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்து வாங்கி வந்துவிடுவதால் அப்படி ஒரு இடம் இருப்பது நமக்குத் தெரிவதில்லை.

காசு

முதலில் இதை முடித்துவிடுவோம், ஏனென்றால் பலரும் காசுக்காகத்தான் ஸ்பேனரை எடுக்கிறார்கள். ஆயில் மாற்றப் பட்டறையில் கூலி மட்டும் இருநூறு, முந்நூறு. அதை மிச்சம் பிடிக்க நான் செலவழிப்பது அரை நாள். அந்த அரை நாளில் ஒரு நடை மார்க்கெட்டுக்கு அடித்தால் அதைவிடக் கூடுதலாக வரும். ஆகக் கூலியை மட்டும் பார்த்தால் வாசலில் செய்வது லாபமே இல்லை.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. பட்டறையில் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்பது டப்பா நம் கண் முன்னால் திறந்தால்தான் தெரியும். நானே வாங்கினால் தடிமன் 15டபிள்யூ40, தரம் சிஐ-4 என்று டப்பாவில் படித்து வாங்குகிறேன். ஃபில்டரும் அப்படித்தான். போலி ஃபில்டர் எல்லா ஊர்க் கடையிலும் இருக்கிறது. பழையதை வெட்டிப் பார்த்தால் உள்ளே காகித மடிப்பு நெருக்கமாக இருக்கிறதா, ஏனோதானோ என்று ஒட்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இன்னொன்று, வண்டிக்குக் கீழே படுத்த மனிதனுக்குத்தான் தெரியும், எந்த ஹோஸ் வெடிக்கப் போகிறது, எந்த ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது என்று. ஆயில் மாற்றப் படுத்தபோதுதான் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் இணைப்பில் ஆட்டம் இருப்பதைப் பார்த்தேன். அது ரோட்டில் கழன்றிருந்தால் மிச்சம் பிடித்த கூலியைப் பற்றிப் பேச ஆள் இருந்திருக்க மாட்டேன்.

படுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள், அது விரிசல் விடாமல் ஒரே அடியாக நொறுங்கும். வண்டியைத் தாங்கும் இரும்பு முட்டான ஆக்ஸில் ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்குங்கள். மற்ற டூல்ஸைப் பழைய சாமான் கடையில் வாங்கினாலும் பரவாயில்லை, இதைப் புதிதாக வாங்குங்கள். பிக்கப் உயரமான வண்டி, ஆயில் மாற்ற ஜாக்கியே தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

ஆயில்

என் முதல் தப்புக்குப் பிறகு பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் அதிலேயே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை. புது ஃபில்டரின் ரப்பரில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே முறுக்கி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. அவ்வளவுதான். சங்கிலி போட்டு இறுக்கினால் அடுத்த தடவை அதைக் கழற்ற ஸ்குரூ டிரைவரைக் குத்தி ஆட்ட வேண்டியிருக்கும். டிரெயின் பிளக்குக்குக் கீழே இருக்கும் செம்பு வாஷரை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள், விலை ஒரு டீக்கு மேல் வராது.

இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ இருக்கிற வண்டி என்றால் இன்னும் ஒன்று. ஃபில்டர் மாற்றிய பிறகு நேராக ஸ்டார்ட் செய்யாமல், இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப்பர் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். டீசல் போகாது, இன்ஜின் வெறுமனே சுற்றும், ஆயில் மேலே ஏறும். கேபிள் இல்லாத வண்டியில் பம்ப்பின் சொலினாய்டு ஒயரைக் கழற்றிவிட்டு இதையே செய்யலாம். ஆயில் லைட் அணைந்த பிறகு ஸ்டார்ட். டர்போ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டுகிற சாமான், அது உலர்ந்து சுற்றக் கூடாது. பட்டறையில் இதை எத்தனை பேர் செய்கிறார்கள்? நான் பார்த்த வரையில் யாரும் செய்ததில்லை. நாமே செய்வது பட்டறையைவிட மேலாகிற இடம் இது.

ஊற்றிய மறுநாளே டீசல் இன்ஜின் ஆயில் கறுப்பாகும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது இரண்டுக்கு. டிப் ஸ்டிக்கில் ஆயில் டீ நிறத்தில், பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் சேர்கிறது என்று அர்த்தம். ஊற்றாமலே அளவு ஏறி, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், ஃபீட் பம்ப்பிலோ பெரிய பம்ப்பின் சீலிலோ டீசல் கசிந்து கீழே இறங்குகிறது. இரண்டிலும் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வடித்த ஆயிலை வேலிக்கால் அடியில் ஊற்றுவது எங்கள் பக்கம் வழக்கம், கரையான் வராதாம். அந்த மண்ணில் ஊறும் தண்ணீரைத்தான் கிணற்றில் இறைத்துக் குடிக்கிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை. அதைக் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன். அவர் பேரலில் சேர்த்து விற்கிறார், அதற்கு வாங்க ஆள் இருக்கிறது.

டீசலும் காற்றும்

பழைய டீசல் வண்டி நம் கையில் கிடைத்தால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஆயில் மாற்றுவது இல்லை, டீசல் லைனில் காற்று எடுப்பது. காரணம் ரொம்பச் சாதாரணம். ராத்திரி இரண்டு மணிக்கு மார்க்கெட் போகிற வழியில் டீசல் தீர்ந்து நின்றால், ஐந்து லிட்டர் வாங்கி வந்து ஊற்றினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. லைன் முழுக்கக் காற்று நிற்கும். அந்த நேரத்தில் எந்த மெக்கானிக் அண்ணனையும் எழுப்ப முடியாது.

ஃபில்டர் மேலே இருக்கும் பிளீடிங் ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஹேண்ட் பம்ப்பை அடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழி, அப்புறம் குமிழி இல்லாத டீசல். அப்போதே இறுக்கிவிட வேண்டும், பம்ப்பை நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போகும். அதற்கும் அசையவில்லை என்றால் நாசிலுக்குப் போகிற குழாய் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். கையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். நாசில் திறக்கிற பிரஷரே நூறு பாருக்குக் குறையாது, டயர் காற்று வெறும் நாலைந்து பார்தான். அந்தப் பிரஷரில் ஊசி மாதிரி வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் உடனே இருக்காது. ஆனாலும் அன்றைக்கே, அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காலை வரை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விரல் போய்விடும்.

ஃபில்டர் மாற்றுவதும் அதே வேலையின் பாதிதான். தப்பாகச் செய்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, வாசலிலேயே நிற்கும். என் கணக்குப்படி இது முழுக்க வாசல் வேலை. அத்துடன் ஃபில்டருக்குக் கீழே இருக்கும் குமிழைத் திறந்து தண்ணீர் வடிப்பது. மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் அடிக்கடி. ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயும் கோடு போட்டது போலப் பிரிந்து நிற்கும். அந்த இரண்டு விரல் தண்ணீர் பம்ப்புக்குள் போயிருந்தால் உள்ளே துரு. பம்ப் ரூம் பில் ஐந்து இலக்கத்தில் வரும்.

ஏர் ஃபில்டர் வாசல் வேலை என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் எல்லோரும் தப்பாகச் செய்வதும் அதைத்தான். பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய், வெளிப்பக்கமிருந்து முழு வேகத்தில் காற்று அடிக்கிறார்கள். தூசு காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போகும், இல்லையென்றால் காகிதம் கிழியும். உள்ளேயிருந்து வெளியே, மெதுவாக, தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். பிறகு உள்ளே ஒரு பல்பை விட்டுப் பாருங்கள், ஓட்டை இருந்தால் வெளிச்சம் பளிச்சென்று தெரியும். செம்மண் காட்டுப் பாதையில் ஓடுகிற வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு செல்லாது, கண்ணால் பார்த்து மாற்றுவதுதான்.

இதை நீட்டிச் சொல்லக் காரணம் கரும்புகை. வண்டி கரும்புகை விட்டால் 'நாசில் போச்சு' என்று சொல்லாத ஆள் கிடையாது. கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று பொருள். டீசல் கூடியிருக்கலாம், காற்றும் குறைந்திருக்கலாம். இருநூறு, முந்நூறு ரூபாய் ஃபில்டரை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் டர்போவிலிருந்து வரும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கும் அப்புறம்தான் நாசில். புகைச் சான்றிதழுக்கு பி.எஸ்.4 புகை விதிக்கு முந்தைய டீசல் வண்டிகளுக்குப் புகையின் அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை அனுமதி, பி.எஸ்.4-க்கு 50. எங்கள் வண்டி ஒரு தடவை அந்த 65-ஐத் தாண்டியது. ஃபில்டரும் கிளிப்பும் பார்த்துக் கொண்டுபோனேன், தாராளமாகத் தேறியது. நீலப்புகை, வெண்புகை என்றால் வாசலில் செய்ய ஒன்றும் கிடையாது. நீலம் ஆயில் எரிவது. வெண்மை எரியாத டீசலாகவோ ரேடியேட்டர் தண்ணீராகவோ இருக்கும்.

தண்ணீரும் கிரீஸும்

ஒட்டன்சத்திரத்துப் போர்வெல் தண்ணீரில் கொதிக்க வைத்த பாத்திரத்தைப் பாருங்கள், அடியில் வெள்ளைப் படிவு. அதே தண்ணீரைத்தான் ரேடியேட்டரிலும் ஊற்றுகிறோம். கூலண்ட் வாங்கி ஊற்றுவது குளிர்நாட்டுக்காரன் வேலை என்று எங்கள் அப்பா சொல்வார். உறையாமல் இருக்க நமக்குத் தேவையில்லைதான், ஆனால் துரு பிடிக்காமல் இருக்கவும் உப்புப் படியாமல் இருக்கவும் கொதிநிலையை ஏற்றவும் தேவை. கலந்தே வருகிற கூலண்ட் வாங்கி ஊற்றலாம், கெட்டியாக வருவதென்றால் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரோடு பாதிக்குப் பாதி. வாசல் வேலை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காமல் இருந்தால் ஆபத்தும் இல்லை. வடித்த பழைய கூலண்டைத் தெருவில் விடாதீர்கள். அது இனிக்கும், நாய் நக்கும், நக்கினால் செத்துப்போகும்.

கிரீஸ் அடிப்பதற்குப் பட்டறைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். ஒரு கிரீஸ் கன், ஒரு பழந்துணி. நிப்பிளைத் துடைத்துவிட்டு, பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை அடித்தால் போதும்.

பிரேக்

பாச்சலூர் இறக்கத்தில் நடந்ததற்கு வருவோம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதே ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. தெருவில் நாலு தடவை பிரேக் பிடித்தால் அந்தச் சூடு வராது. ஒன்றேகால் டன் சுமையோடு மலை இறங்கினால் வரும். ஆயில் கொதித்து ஆவியானால் ஆவியை மிதிக்கிறோம், ஆவி அமுங்கிக்கொடுக்கும், பெடல் உள்ளே போகும். ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகி, பெடல் ஒன்றும் தெரியாத மாதிரி மேலே வந்து நிற்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் 'நல்லாத்தானே இருக்கு' என்பார்கள்.

அதனால் பிரேக்கைத் தொடவே கூடாதா? நான் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறேன். பார்ப்பது நான், பிரிப்பது பட்டறை. ஆயில் அளவு, குழாயில் ஈரம், சக்கரத்தின் உள்பக்கம் கசிவு, ஹோஸில் வெடிப்பு எல்லாம் வாரம் ஒருமுறை நான் பார்ப்பேன். ஷூ மாற்றுவது, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், காற்று எடுப்பது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுவது பட்டறை. ஆனால் ஆயில் டப்பாவை நான் வாங்கிப் போகிறேன், சீலை என் முன்னால் உடைக்கச் சொல்கிறேன், மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன்.

மெக்கானிக் அண்ணன் இதற்கு முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "தம்பி, நீங்க எதை வேணா கழட்டுங்க. கழட்டினதை என்கிட்டக் காட்டாம மட்டும் திரும்ப மாட்டாதீங்க." அப்புறம் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார், "ஆயில் மாத்துற சுளுவான வேலையெல்லாம் வீட்டுல செஞ்சுக்கிட்டு, கிளட்சு வேலைக்கு மட்டும் எங்கிட்ட வந்தா எப்படிங்க கட்டுப்படியாகும்?" நியாயமான கேள்வி. கிளட்சு பிளேட்டுக்கு கியர் பாக்ஸை இறக்க வேண்டும், இரண்டு ஆள் வேண்டும், முதுகு வேண்டும். ஒரு நாள் முழுக்கப் போகும். சுலப வேலையின் கூலியில்தான் அவர் கஷ்ட வேலையின் கூலியைச் சமன் செய்கிறார். இப்போது கிளட்சு, பிரேக் வேலைகளில் நான் பேரம் பேசுவதில்லை. நாமே செய்வதென்று முடிவு செய்கிறவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரேக்கோடு சேர்ந்த ஒன்று பலருக்குத் தெரியாது. பெட்ரோல் வண்டியில், மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் (காற்று உறிஞ்சிய வெற்றிடம்) இன்ஜினிலிருந்தே கிடைக்கும். டீசலில் கிடைக்காது, அதற்குத் தனிப் பம்ப் வேண்டும். இந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. ஆக, பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் நிற்காது. நாலைந்து மிதியில் பிரேக்கும் இறுகிப்போய், இரண்டு காலால் மிதிக்க வேண்டிய நிலைமை வரும். சின்னச் சாமான் என்று பெல்ட்டைக் கேவலமாக நினைக்காதீர்கள். அதை மாற்றுவது வாசல் வேலை. மலையேறும் முன் ஒரு பெல்ட்டும், அதற்கான இரண்டு ஸ்பேனரும் சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும்.

பம்ப் ரூமும் கம்பெனி சர்வீஸும்

பம்ப்பையும் நாசிலையும் வீட்டில் திறக்கலாமா என்று கேட்டால், ஒரே பதில், கூடாது. இதில் நான் விவாதத்துக்கே வரவில்லை. உள்ளே டீசலைத் தள்ளும் பிளஞ்சர் கம்பிக்கும் அது ஓடுகிற பேரல் குழாய்க்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடி எழுபது மைக்ரான் இருக்கும். வாசலில் பறக்கிற தூசு ஒன்று உள்ளே போனால் போதும். திரும்ப மாட்டிய பிறகு அளவு சரிபார்க்க டெஸ்ட் பெஞ்ச் வேண்டும், அது பட்டறையிலும் இருக்காது. கழற்றிக் கொடுக்கும்போது குழாய் வாய்களைத் துணியால் அடைக்காமல், அதற்கென்று இருக்கும் பிளாஸ்டிக் மூடியால் மூடுங்கள், துணியின் நூலே உள்ளே போகும். நாசிலைத் திரும்ப மாட்டும்போது அடியிலிருக்கும் செம்பு வாஷர் புதியதுதானா என்று கேளுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரைப் பற்றி நான் நல்லதும் சொல்வேன், கெட்டதும் சொல்வேன். பதினைந்து வருடம் தாண்டிய வண்டியைக் கொண்டுபோனால் வாசலில் நிற்கிற பையனுக்கு அந்த மாடலே தெரிவதில்லை. ஒரு தடவை எங்கள் வண்டிக்கு எஸ்டிமேட் போட்டார்கள், அந்தக் காசில் அரை இன்ஜின் வேலை முடித்துவிடலாம் போல இருந்தது. பேசாமல் திரும்பி வந்தேன். ஆனால் கம்பெனி ஸ்பேர் என்று நம்பி வாங்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வேலையை அங்கே கொடுக்காமல் ஸ்பேர்ஸ் கவுண்டரில் மட்டும் போய் ஃபில்டர், ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், பெல்ட் வாங்கிவருகிறேன். கதவு, கண்ணாடி, லைட் மாதிரி சாமானுக்கு கோயம்புத்தூர் உக்கடம் பழைய சாமான் கடை போதும். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழைய சாமான் கடையில் வாங்குவதில்லை.

சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் தாண்டினால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வருடா வருடம். அது பெரிய தொல்லைதான், ஆனால் நான் அதையே நாள்காட்டியாக்கிக்கொண்டேன். எஃப்.சி.க்கு ஒரு மாதம் முன்னால் பிரேக், ஸ்டீயரிங், கிளட்சு என்று பட்டறை வேலை எல்லாவற்றையும் ஒரே விடுப்பில் முடித்துவிடுவேன். பெயிண்ட், ஸ்டிக்கர், லைட் வேலைக்கு எப்படியும் வண்டி இரண்டு நாள் நிற்கத்தான் போகிறது. மற்ற பதினொரு மாதமும் வாசல் வேலை மட்டும்.

காமன் ரெயில் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கோடு கொஞ்சம் நகரும். ஆயில், ஏர் ஃபில்டர், கூலண்ட், கிரீஸ், பெல்ட் எல்லாம் அதே மாதிரி வாசல் வேலைதான். டீசல் ஃபில்டரை மாற்றலாம், ஆனால் புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டாதீர்கள், வடிகட்டாத டீசல் நேராக உள்ளே போகும். நாசில் குழாய் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய வித்தையை மறந்துவிடுங்கள். அதில் ஆயிரம் பாருக்கு மேல் நிற்கும், கை போவது இருக்கட்டும், உயிருக்கே ஆபத்து. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் இருக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே கம்பெனி சர்வீஸுக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

எனக்கே இன்னும் முடிவுக்கு வராத வேலை ஒன்று இருக்கிறது, முன்சக்கர பேரிங். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, புது கிரீஸ் அடைத்து மாட்டுவது எனக்குத் தெரியும். பட்டறையைவிடச் சுத்தமாகவே செய்வேன். ஆனால் நட்டை எவ்வளவு இறுக்குவது என்பது கையில் இருக்கிற கணக்கு. அதிகம் இறுக்கினால் சூடாகிப் பிடிக்கும், தளர்ந்தால் ஆடும். இரண்டுமே வாசலில் தெரியாது, முப்பது கிலோமீட்டர் தாண்டித்தான் தெரியும். போன தடவை நானே செய்துவிட்டு, சுமை ஏற்றாமல் பழனி வரை போய், இறங்கி சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அது பேரிங் சூடா, பிரேக் சூடா என்று தெரியாமல் அரை மணி நேரம் ரோட்டோரம் நின்றேன். இந்தத் தை மாதம் பேரிங்கையும் கிரீஸையும் நானே வாங்கி, கழுவி அடைத்து எடுத்துக்கொண்டு போய், நட்டை மட்டும் அண்ணன் கையால் இறுக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அவர் அதற்கு என்ன கூலி கேட்பார் என்றுதான் தெரியவில்லை.